பேரதிர்ச்சிக்குப் பின் தியானம்: கண்களை மூடுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

வாகன விபத்தொன்றில் சிக்கி மீண்ட பிறகு எனக்கு எலும்பு கூடியது, தழும்பு காய்ந்தது, உறக்கம் மட்டும் திரும்பவில்லை. தெருவில் பிரேக் கிறீச்சிட்டால் உடல் முழுவதும் விறைத்துக்கொள்ளும். சில நொடிகளுக்கு நான் நிற்கும் இடமே மறைந்து, நசுங்கிய வண்டியின் உட்புறம் கண்முன் வந்து நிற்கும். தியானம் செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்குச் சொல்லாதவர்கள் குறைவு. அவர்கள் சொன்னபடியே கண்களை மூடி மூச்சைக் கவனிக்கத் தொடங்கினேன். நான்காவது நிமிடம் முடிவதற்குள், சீட் பெல்ட்டில் இறுகி மூச்சுக்குத் தவித்த அந்த நிலைக்கே திரும்பிப் போய்விட்டேன். மூச்சுத் திணறி மீண்ட ஒருவரிடம் மூச்சையே கவனிக்கச் சொல்வது எத்தகைய ஆலோசனை என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. அந்த ஓராண்டை நீங்களும் இழக்க வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பி.டி.எஸ்.டி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறுக்கு, மைண்ட்ஃபுல்னஸ் எனப்படும் விழிப்புக் கவனப் பயிற்சி உதவுகிறது என்பதற்குச் சான்றுகள் உள்ளன. ஆனால் அந்த உதவியின் அளவைத் தெரிந்துகொண்டு தொடங்குவது நல்லது. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர்கள் 116 பேரிடம் நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஆய்வில், எட்டு வார மைண்ட்ஃபுல்னஸ் பயிற்சி பெற்றவர்கள், வேறொரு வகைக் குழுச் சிகிச்சை பெற்றவர்களைவிடத் தங்கள் அறிகுறிகள் கூடுதலாகக் குறைந்ததாகத் தெரிவித்தனர். எனினும் கோளாறிலிருந்தே விடுபட்டவர்களின் விகிதத்தில் இரு குழுக்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. சிகிச்சைக்குத் துணையாக வைத்துக்கொண்டால் தியானம் பயன் தரும்; சிகிச்சைக்குப் பதிலாக வைத்துக்கொண்டால் ஏமாற்றிவிடும்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இப்போது உங்களுக்கு இருந்தால், கீழே உள்ள எதுவும் அதற்கான மருந்து அன்று. உடனே உங்கள் பகுதியின் அவசர உதவி எண்ணை அழையுங்கள். அல்லது அருகில் இருப்பவரிடம் சொல்லி, அவரோடு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

1. மதிப்பீட்டை முதலில் முடியுங்கள்

பேரதிர்ச்சிக்குப் பின் முதல் சில வாரங்கள் உறக்கமின்மையும் பதற்றமும் இருப்பது பெரும்பாலோருக்கு இயல்பு. அவை தாமாகவே தணிவதும் உண்டு. அறிகுறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, வேலையையோ உறவுகளையோ பாதிக்கும்போதுதான் மருத்துவர்கள் இந்தக் கோளாறைப் பற்றிப் பேசுவார்கள். அவர்கள் பார்ப்பது நான்கு வகை அறிகுறிகளை: அழைக்காமலே வந்து தாக்கும் நினைவுகளும் கொடுங்கனவுகளும், நடந்த நிகழ்வை நினைவூட்டும் இடங்களையும் மனிதர்களையும் பேச்சையும் தவிர்ப்பது, தன்னைப் பற்றியும் உலகைப் பற்றியும் எண்ணங்கள் இருண்டுபோவது, எந்நேரமும் உடல் எச்சரிக்கையில் இருப்பது.

மருத்துவரிடம் போகும்முன் பி.சி.எல்.-5 என்ற கேள்வித்தாளை நிரப்பி எடுத்துச் செல்லுங்கள். கடந்த ஒரு மாதத்தைப் பற்றிய 20 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 80. கட்டணமின்றிக் கிடைக்கும், நிரப்பப் பத்து நிமிடம் போதும். 31 முதல் 33 அல்லது அதற்கு மேல் வந்தால் முழுமையான மதிப்பீடு தேவை என்று பொதுவாகக் கொள்வார்கள். அந்த எண்ணை வைத்து நீங்களே நோயை முடிவுசெய்ய வேண்டாம். அதன் உண்மையான பயன் வேறு: எட்டு வாரம் கழித்து ஒப்பிட்டுப் பார்க்க உங்களிடம் ஒரு தொடக்கப் புள்ளி இருக்கும்.

முதல் நிலைச் சிகிச்சைகளாகப் பரிந்துரைக்கப்படுபவை, அதிர்ச்சி நினைவை நேரடியாகக் கையாளும் உளவியல் சிகிச்சைகள்: தவிர்த்துவந்த நினைவையும் சூழல்களையும் படிப்படியாக எதிர்கொள்ளப் பழக்கும் சிகிச்சை, அதிர்ச்சி விதைத்த எண்ணங்களைச் சோதித்துப் பார்க்கும் சிகிச்சை, கண்ணசைவுகளோடு நினைவைக் கையாளும் இ.எம்.டி.ஆர். இவை பெரும்பாலும் 8 முதல் 15 அமர்வுகளுக்குள் முடிபவை. ஆயுள் முழுவதும் தொடர்பவை என்று நான் நினைத்து அஞ்சியிருந்தேன். மருந்துகளில் செர்ட்ராலின், பரோக்ஸெட்டின் போன்றவை எழுதித் தரப்படுகின்றன. தியானம் தொடங்கிய உற்சாகத்தில் மாத்திரையைத் திடீரென நிறுத்துவது நான் கண்ட மிக ஆபத்தான தவறு. இவ்வகை மருந்துகளைச் சட்டென்று நிறுத்தினால் தலைச்சுற்றல், எரிச்சல், உறக்கக் கலைவு ஆகியவை வரலாம். அவற்றை நோய் முற்றிவிட்டதாகவோ, "உள்ளே இருப்பது வெளியேறுகிறது" என்றோ தவறாகப் பொருள் கொள்ள நேரும்.

2. நான்கு தாள்களைத் தயார் செய்யுங்கள்

இது அலுவலகக் காரியம் அல்லவே என்று தோன்றலாம். பதற்றத்தின் உச்சியில் நினைவாற்றல் கைவிடும் என்பதால் தாள்தான் உதவுகிறது. முதல் தாளில் உட்கொள்ளும் மருந்துகளின் பெயர், அளவு, நேரம், எழுதிக் கொடுத்த மருத்துவரின் தொடர்பு எண் ஆகியவை இருக்கட்டும். இரண்டாவதில் உங்களைத் தூண்டிவிடும் விஷயங்களை எழுதுங்கள்: ஒலி, மணம், இருட்டு, மூடிய கதவு, பின்னால் யாரோ நிற்பது, குறிப்பிட்ட உடல் நிலை. அந்த நிகழ்வின் கதையை எழுத வேண்டாம். தூண்டுதல்களின் பட்டியல் போதும்.

மூன்றாவது, பதற்றம் எல்லை மீறும்போது பார்க்க வேண்டிய அட்டை. அதில் இன்றைய ஆண்டு, நீங்கள் வசிக்கும் முகவரி, உங்களை நிலைப்படுத்தும் மூன்று செயல்கள், அழைக்கக்கூடிய இருவரின் எண்கள் ஆகியவை பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். முகவரி எதற்கு என்று என் சகோதரி கேட்டாள். பழைய இடத்துக்கு இழுத்துச் செல்லப்பட்ட மனத்துக்கு, இப்போது எங்கே இருக்கிறோம் என்பதுதான் முதலில் தேவைப்படும் செய்தி. நான்காவது, தினசரிப் பதிவு: தேதி, எத்தனை நிமிடம், தொடக்கத்தில் பதற்றம் பத்துக்கு எவ்வளவு, முடிவில் எவ்வளவு, அன்றிரவு உறங்கிய நேரம். ஒரு நாளுக்கு ஒரு வரி. அதற்கு மேல் எழுதினால் இரண்டாவது வாரமே கைவிட்டுவிடுவீர்கள்.

3. கவனத்தை எங்கே ஊன்றுவது என்று முடிவு செய்யுங்கள்

புதியவர்களுக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான படி. பெரும்பாலான வகுப்புகள் ஒரே நொடியில் கடந்துபோகும் படியும் இதுவே. பேரதிர்ச்சிக்குப் பின் உடலின் எச்சரிக்கை மணி அணையாமல் ஒலித்துக்கொண்டிருக்கிறது. கண்கள் திறந்திருக்கும்வரை, சுவர், சன்னல், கதவு ஆகியவை "இங்கே ஆபத்து இல்லை" என்று தொடர்ந்து சொல்லிக்கொண்டிருக்கும். கண்களை மூடியதும் அந்தச் சாட்சிகள் மறைந்துவிடுகின்றன. எஞ்சுவது துடிக்கும் நெஞ்சும் இறுகிய தசைகளும் மட்டுமே. அந்த உடல் உணர்வுகள் அன்று ஆபத்தின்போது இருந்தவற்றை ஒத்திருப்பதால், நினைவு அவற்றைப் பற்றிக்கொண்டு மேலேறி வந்துவிடுகிறது.

ஆகவே கண்களைத் திறந்தே வைத்திருங்கள். பார்வையைத் தாழ்த்தி, தரையில் ஓர் இடத்தில் தளர்வாக வைத்தால் போதும். முதுகு சுவர்ப்பக்கம் இருக்கட்டும், கதவு பார்வையில் இருக்கட்டும், அறையில் வெளிச்சம் இருக்கட்டும்.

அடுத்து, கவனத்தை ஊன்ற ஓர் இடம். மூச்சு பலருக்கு ஒத்துப்போகும். ஆனால் நீரில் மூழ்கியவர்கள், கழுத்து நெரிக்கப்பட்டவர்கள், புகையில் சிக்கியவர்கள், என்னைப் போல் நெஞ்சு நசுங்கியவர்கள் மூச்சிலிருந்து தொடங்கக் கூடாது. உடலைத் தலைமுதல் கால்வரை பகுதி பகுதியாகக் கவனிக்கும் பயிற்சியும் அப்படியே. உடல்ரீதியான, பாலியல்ரீதியான வன்முறைக்கு உள்ளானவர்களுக்குச் சில பகுதிகளுக்குக் கவனம் போவதே தாங்க முடியாததாக இருக்கலாம். எட்டு வாரப் பாடத்திட்டங்களில் பெரும்பாலும் முதல் வாரமே இந்தப் பயிற்சி, அதுவும் படுத்த நிலையில் நீண்ட நேரம் வருகிறது என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். குண்டுவெடிப்பிலிருந்து மீண்டவருக்கு வெளி ஒலிகள் பகையாகலாம். இன்னொருவருக்குக் கைகொடுத்த இடம் உங்களுக்கும் கைகொடுக்கும் என்ற உறுதி இல்லை.

உள்ளங்கால்கள் தரையைத் தொடும் இடம், ஒன்றன்மேல் ஒன்று வைத்த உள்ளங்கைகள், கையில் பிடித்த ஒரு கூழாங்கல்லின் குளிர்ச்சி, எதிரே உள்ள ஒரு பொருளின் நிறமும் விளிம்பும், தொலைவில் ஒலிக்கும் சீரான ஓசை ஆகியவற்றில் ஒன்றை மூன்று நாள் சோதியுங்கள். பதிவேட்டில் முடிவு எண் தொடக்க எண்ணைவிட ஏறியபடியே இருந்தால் அடுத்ததற்கு மாறுங்கள். எனக்கு உள்ளங்கால் பலித்தது. இடுப்புக்கு மேலே எதையும் கவனிக்க எனக்கு ஐந்து மாதம் ஆனது. அதனால் எந்த நட்டமும் ஏற்படவில்லை.

4. முதல் இரண்டு வாரம், நாளுக்கு இரண்டு நிமிடம்

இரண்டே நிமிடம். நீட்டிக்கலாம் என்று தோன்றினாலும் நிறுத்திவிடுங்கள், ஏனென்றால் இந்தக் கட்டத்தில் நீங்கள் பழகுவது அமைதியை அன்று. உள்ளே போய்த் திரும்பி வர முடியும் என்ற நம்பிக்கையைத்தான்.

இரண்டு நிமிடத்துக்கு மணி வைத்துவிட்டு, நாற்காலியில் அமர்ந்து, அறையை ஒருமுறை மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். தேர்ந்தெடுத்த இடத்தில் கவனத்தை வைத்து, அங்கே உண்மையில் என்ன உணர்வு இருக்கிறது என்று பாருங்கள்: அழுத்தமா, வெப்பமா, துணியின் உராய்வா. மனம் விலகும். விலகியது தெரிந்ததும் "எண்ணம்" என்றோ "நினைவு" என்றோ மனத்துக்குள் ஒரு சொல்லால் பெயரிட்டுவிட்டு, தேர்ந்தெடுத்த இடத்துக்கே திரும்புங்கள். அந்த நினைவுக்குள் போய் அதை ஆராய வேண்டாம். அந்த வேலைக்குச் சிகிச்சையாளரின் அறை இருக்கிறது. மணி அடித்ததும் மீண்டும் அறையைச் சுற்றிப் பார்த்து, எழுந்து, பதிவேட்டில் ஒரு வரி எழுதுங்கள்.

அமரவே முடியாதவர்கள் நடக்கலாம். பத்தடி தூரம் மெதுவாக நடந்து திரும்புவதும், ஒவ்வோர் அடியிலும் குதிகால் ஊன்றுவதைக் கவனிப்பதும் முழுமையான பயிற்சிதான். உடல் எந்நேரமும் ஓடத் தயாராக இருப்பவர்களுக்கு அமர்வதைவிட இதுவே சுலபம் என்பது என் கருத்து.

மூச்சு தொல்லை தராதவர்கள் நான்கு எண்ணி உள்ளிழுத்து, ஆறு எண்ணி வெளிவிடலாம். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு மெல்லத் தணியும். "ஆழமாக மூச்சை இழுங்கள்" என்ற அறிவுரையை மட்டும் சற்று ஒதுக்கி வையுங்கள். வேகமாகவும் ஆழமாகவும் இழுத்து இழுத்து விட்டால் இரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு குறைந்து, விரல் நுனி மரத்து, தலை சுற்றும்; பீதியைத் தணிக்கச் செய்த காரியமே பீதியைக் கொண்டுவந்து சேர்க்கும்.

மூன்றாவது வாரம் முதல், பதிவு சீராக இருந்தால், வாரத்துக்கு ஓரிரு நிமிடம் கூட்டலாம். பத்து நிமிடத்தில் பல மாதங்கள் நின்றாலும் குறை ஏதும் இல்லை.

5. எப்போது நிறுத்த வேண்டும்

தொடங்கத் தெரிந்ததைவிட நிறுத்தத் தெரிந்ததே என்னைக் காப்பாற்றியது. பதற்றம் பத்துக்கு ஏழைத் தொட்டால் பயிற்சியை முடித்துவிடுங்கள். வியர்வை, நடுக்கம், படபடப்பு, காட்சிகள் வந்து மோதுவது ஆகியவை எளிதில் அடையாளம் தெரிபவை. "எதிர்ப்பைத் தாண்டி உட்காருங்கள்" என்று சொல்லும் ஆசிரியர் பிறருக்கு நல்ல ஆசிரியராக இருக்கலாம். உங்களுக்கு இப்போது அவர் பொருந்தமாட்டார்.

எளிதில் தெரியாத இன்னொரு பக்கமும் உண்டு. உடல் மரத்துப்போவது, ஒலிகள் தொலைவுக்குப் போய்விடுவது, தன்னைத் தானே வெளியிலிருந்து பார்ப்பது போல் இருப்பது, அரை மணி நேரம் போனதே தெரியாமல் இருப்பது. எனக்கு இது நிகழ்ந்தபோது, "ஆழ்ந்த நிலைக்குப் போய்விட்டீர்கள்" என்று குழுவில் பாராட்டினார்கள். நானும் சில வாரங்கள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அது தாங்க முடியாததிலிருந்து மனம் விலகி ஒளிந்துகொள்ளும் நிலை என்று பிறகு சிகிச்சையாளர் விளக்கினார். வேறுபாட்டைக் கண்டறிய ஓர் எளிய வழி: தியானத்துக்குப் பின் உலகம் தெளிவாகத் தெரிந்தால் அமைதி, கண்ணாடிக்கு அப்பால் இருப்பது போல் தெரிந்தால் விலகல். இரண்டாவது நேர்ந்தால் மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள்.

நிறுத்தியதும் எழுந்து நில்லுங்கள். கண்ணில் படும் ஐந்து பொருள்கள், தொட்டு உணரும் நான்கு, கேட்கும் மூன்று ஓசைகள், இரண்டு மணங்கள், நாவில் ஒரு சுவை என்று வரிசையாக வாய்விட்டுச் சொல்லுங்கள். குளிர்ந்த நீரில் கையை நனையுங்கள். அட்டையிலுள்ள ஆண்டையும் முகவரியையும் உரக்கப் படியுங்கள். அன்றைக்கு மீண்டும் அமர வேண்டாம். மூன்று நாள் தொடர்ந்து இப்படி ஆனால், பயிற்சியை நிறுத்திவைத்துவிட்டு அடுத்த சந்திப்பில் பேசுங்கள்.

6. வகுப்பில் சேர்வதற்கு முன் நேரத்தைக் கணக்கிடுங்கள்

பரவலாகக் கற்பிக்கப்படுவது எம்.பி.எஸ்.ஆர். என்ற எட்டு வாரத் திட்டம். ஜான் கபாட்-ஸின் 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் தொடங்கியது. மேலே சொன்ன ஆய்விலும் இதையே பயன்படுத்தினார்கள். வாரத்துக்கு ஒருமுறை ஏறத்தாழ இரண்டரை மணி நேர வகுப்பு, இடையில் ஒரு முழுநாள் அமர்வு, வாரத்தில் ஆறு நாள் வீட்டில் 45 நிமிடப் பயிற்சி. கூட்டிப் பார்த்தால் வாரத்துக்கு ஏழு மணி நேரம். இரண்டு நிமிடத்தில் தடுமாறிக்கொண்டிருக்கும்போது இதில் சேர்ந்தால் தோல்வி உணர்வுதான் மிஞ்சும். பத்து நிமிடம் சுலபமான பிறகு சேருங்கள்.

சேரும்முன் ஆசிரியரிடம் தனியே பேச வாய்ப்புக் கேளுங்கள். பேரதிர்ச்சிக்கு உள்ளானவர்களோடு பணியாற்றிய அனுபவம் உண்டா, கண்களைத் திறந்து வைக்கலாமா, உடல் கவனிப்புப் பயிற்சியைத் தவிர்க்கலாமா, நடுவில் அனுமதி கேட்காமல் வெளியே போகலாமா, பாதியில் விலகினால் கட்டணத்தில் எவ்வளவு திரும்பும் என்று கேளுங்கள். என்ன நடந்தது என்ற கதையை அவரிடம் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. பதில்கள் எரிச்சலோடு வந்தால் முன்பணம் கட்டாதீர்கள்.

கட்டணம் தடையாக இருந்தால், பலூஸ் மைண்ட்ஃபுல்னஸ் என்ற பெயரில் எட்டு வாரப் பாடம் இணையத்தில் கட்டணமின்றி ஆங்கிலத்தில் கிடைக்கிறது. அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறை வெளியிட்டுள்ள பி.டி.எஸ்.டி. கோச், மைண்ட்ஃபுல்னஸ் கோச் ஆகிய செயலிகளும் யாருக்கும் இலவசம். கையில் உள்ள பணத்தைச் சிகிச்சை அமர்வுகளுக்கு ஒதுக்கிவிட்டு, தியானத்துக்கு இலவச வழிகளைப் பயன்படுத்துவதே என் பரிந்துரை. வாழ்நாள் உறுப்பினர் திட்டங்களைத் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

7. மௌன முகாம்களை ஒத்திப்போடுங்கள்

இங்கே தவறு முழுவதும் என்னுடையது. பத்து நாள் மௌன முகாம் ஒன்றுக்கு விண்ணப்பித்தபோது, மனநலச் சிகிச்சையும் மருந்தும் பற்றிக் கேட்ட இடத்தில் "இல்லை" என்று எழுதினேன். உண்மையைச் சொன்னால் மறுத்துவிடுவார்கள் என்ற அச்சம். நாளுக்குப் பத்து மணி நேரம் கண்களை மூடி, பேச்சும் தொலைபேசியும் இன்றி இருந்ததில், நான்காம் நாள் இரவு படுக்கையில் எழுந்து அமர்ந்து, வண்டியின் கதவைத் திறக்கச் சொல்லிக் கத்தினேன். அங்கிருந்தவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தெரிந்திருக்க நான் வழிவைக்கவும் இல்லை. மறுநாள் வீடு திரும்பியபின் பழைய நிலைக்கு வர ஆறு வாரம் ஆனது.

படிவத்தில் அந்தக் கேள்வி உங்களைத் தடுக்க அன்று, காக்கவே இருக்கிறது. அறிகுறிகள் தணிந்து பல மாதங்கள் ஆகி, சிகிச்சையாளர் எழுத்தில் சம்மதம் தந்தபின் அரைநாள் அமர்வில் தொடங்கிப் பாருங்கள்.

8. தியானம் தப்பிக்கும் வழியாக மாறுகிறதா என்று பாருங்கள்

தவிர்த்தல் இந்தக் கோளாறின் வேர்களில் ஒன்று. தியானமும் அதற்கு உடன்படும். சாலையைக் கடக்க வேண்டிய வேலை வரும்போதெல்லாம் நான் அறைக்குள் போய் அமர்ந்துகொண்டேன். அமைதி கிடைத்தது; சாலை அப்படியே இருந்தது. எதிர்கொள்ளும் வகைச் சிகிச்சையில் இருப்பவர்கள், வீட்டுப்பாடமாகத் தரப்பட்ட பயிற்சியின் நடுவே மூச்சுக்குள் ஒதுங்கிக்கொள்வதும் இதே வகைதான். அச்சம் தானாகத் தணிவதை மனம் கற்றுக்கொள்ளும் வாய்ப்பை அது பறித்துவிடும். எப்போது தியானம் செய்யலாம், எப்போது கூடாது என்பதைச் சிகிச்சையாளரிடம் கேட்டு, நான்காவது தாளின் மேலே எழுதி வையுங்கள்.

உறங்கும் நேரத்துக்குச் சற்றுமுன் நீண்ட பயிற்சி வேண்டாம். இருட்டும் படுத்த நிலையும் கொடுங்கனவுக்கு வழிவிடும் என்றால் காலையில் செய்யுங்கள்.

9. எட்டாவது வார முடிவில்

பி.சி.எல்.-5 தாளை மீண்டும் நிரப்புங்கள். மூன்று நான்கு புள்ளிகள் ஏறி இறங்குவதைப் பொருட்படுத்த வேண்டாம்; பத்துப் புள்ளி அளவில் மாறியிருந்தால் கவனிக்கத்தக்கது. இறங்கியிருந்தால் அதே அளவில் தொடருங்கள். மாறாமலோ ஏறியோ இருந்தால் நிமிடங்களைக் கூட்டாமல் மருத்துவரிடம் சிகிச்சையைப் பற்றிப் பேசுங்கள். முதல் முறை எனக்கு 52, எட்டு வாரத்துக்குப் பின் 49. மேசையில் இரண்டு தாள்களையும் வைத்தபோது மருத்துவர், தியானத்தை மாற்றாமல் அப்படியே தொடரச் சொல்லிவிட்டு, நான் ஓராண்டாக ஒத்திப்போட்டிருந்த எதிர்கொள்ளல் சிகிச்சைக்கு அடுத்த வாரமே நாள் குறித்தார். அதன் முதல் அமர்வுக்குக் காத்திருந்த இருபது நிமிடமும் என் கவனம் உள்ளங்கால்களில் இருந்தது.